வலப்பக்க இருக்கை

பாம்பெர்க்கில் சாவியை என் கையில் தந்தார்கள்.
வாடகை ஓப்பல், சாம்பல் நிறம்.
உரிமம் வாங்கி எட்டு வாரம்;
மூன்றாம் முறையில் தேறினேன்.
அருளப்பன் இரண்டாம் முறையோடு நிறுத்திக்கொண்டான்,
"இவனுவ ரோட்டுல சட்டம் ஜாஸ்தி" என்று.

இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம்.
வலப்பக்கம் உட்கார்ந்தவன் ஓட்டுநர் இல்லை என்பது
அவனுக்குத் தெரியும், அவன் காலுக்குத் தெரியாது.
வளைவுக்கு வளைவு
இல்லாத பிரேக்கை மிதிக்கிறான்.
தூத்துக்குடித் துறைமுகச் சாலையில்
இரண்டு உப்பு லாரிகளுக்கு நடுவே
என்னைப் பின்னால் வைத்து புல்லட்டைச் சொருகியவன்.
அப்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.
அந்த உபாயம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

வீசென்ட் ஆறு சாலையை விட்டுப் போவதும்
மறுபடி வந்து ஒட்டிக்கொள்வதுமாக இருந்தது,
பாதியில் விட்ட சண்டையை முடிக்க வருகிறவள் போல.
சுண்ணாம்புப் பாறைகள் வீடுகளின் முதுகில் ஏறி நின்றன.
அப்படியொரு பாறைக்குக் கீழே
ஒருவர் போர்வை உதறிக் காயப்போட்டார்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

வழியில் செர்ரி விற்கும் மேசை. விற்பவர் இல்லை.
தகர டப்பாவில் ஐந்து யூரோ போட்டோம்.
"யாரும் பாக்கலியே" என்றான்,
போட்ட பிறகு.

அவுஃப்செஸில் வண்டியை ஒரு வாதுமை நிழலில் விட்டோம்.
பீர் வடிக்கும் நான்கு வீடுகள்,
வயலும் காடுமாய்ப் பதினான்கு கிலோமீட்டர் நடை,
ஒவ்வொரு வீட்டிலும் அட்டையில் ஒரு முத்திரை.
மாலையில் ஓட்ட வேண்டியவள் நான்.
எனவே ஒப்பந்தம்:
குடிப்பது அவன்,
சுவையைச் சொல்லியாக வேண்டும்.

முதல் வீட்டில்: "கசப்பு. ஆனா நல்ல கசப்பு."
இதெல்லாம் ஒரு பதிலா?
இரண்டாவதில் கொஞ்சம் மெனக்கெட்டான்:
"விடியக்காலம் பேக்கரிக் கதவு தொறந்தா வருமே, அது."
என் ஆப்பிள் சாற்றில் ஒரு குளவி நீந்தியது.

காட்டுக்குள் மஞ்சள் குறியைத் தவறவிட்டோம்.
நான் சொன்ன இடப்பக்கத்தை விட்டு
அவன் சொன்ன வலப்பக்கம்.
முக்கால் மணி நேரம் பேச்சில்லை.
பீச் மரங்கள் இரண்டு தரப்பிலும் சேராமல் நின்றன.
என் குதிகாலில் கொப்புளம்.
சொல்லவில்லை; நொண்டினேன், கேட்கும்படியாக.
அவன் தன் காலுறையைக் கழற்றி
என் காலுறைக்கு மேல் மாட்டிவிட்டான்.
நாற்றம் தாங்கவில்லை. அதையும் சொல்லவில்லை.

மூன்றாவது வீட்டில் கறுத்த பீர்.
கண்ணை மூடி நெடுநேரம் இருந்தான்.
"கருப்பட்டி" என்றான். பிறகு,
"காய்ச்சுறவ அடுப்ப மறந்துட்டுப் போன கருப்பட்டி."
பக்கத்து மேசைக் கிழவர் என்ன மொழி என்று கேட்டார்.
சொன்னோம். ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.
கடைசி எழுத்தில் நாக்கு மடங்கவில்லை,
குவளையை உயர்த்தி ஈடுகட்டினார்.

நான்காவது வீடு பூட்டியிருந்தது.
கதவில் அட்டை: இன்று ஓய்வு நாள்.
மூன்று பீர் தந்த தைரியத்தில் மூன்று முறை தட்டினான்.
உள்ளே ஒரு நாய்
எழுந்திருக்காமலே குரைத்தது.
படியில் உட்கார்ந்து மிச்ச செர்ரியைத் தின்றோம்.
கொட்டையை யார் தூரம் துப்புவது என்பதில் நான் ஜெயித்தேன்.
அட்டையில் நான்காம் வட்டம்
வெறுமனே இருந்தது.

இரவு, பாம்பெர்க் விடுதி.
சாவியை மேசையில் எறிந்துவிட்டு
புகையூட்டிய பீர் ஒன்றைத் திறந்தேன்.
அவன் முந்திக்கொண்டு ஒரு வாய்:
"மாசிக் கருவாடு ஊறின தண்ணி, சத்தியமா."
நான் குடித்தேன்.
மாசி இல்லை.
முதல் நாள் வகுப்பில், எர்லாங்கன் மேட்டில்,
பின்னால் ஏழு வண்டி ஹாரன் அடிக்காமல் காத்திருக்க
நான் கருக்கிய கிளட்ச்.
அதே வாசனை. இவ்வளவு ருசியாக இருக்குமென்று
அன்று தெரியாது.

சொல்லலாமென்று திரும்பினால் தூங்கிவிட்டான்.
நாளைக்கு இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர்.
விளக்கை அணைத்தேன்.
போர்வைக்குள் அவன் வலது கால்
ஒருமுறை அழுத்தமாக
பிரேக் போட்டது.